அரசாங்கத்துக்கு ஒரு டாலர்கூடச் செலவில்ல

இல்ல தம்பி, சுத்தி வளைக்கல. இந்தத் திட்டத்துக்கு மக்கள் வரிப்பணம் எவ்வளவு போச்சுன்னுதான கேட்டீங்க? அதுக்குத்தான் வரேன். மாநில அரசுக் கணக்குத் தணிக்கைக்குன்னு பாஸ்டன்லேர்ந்து இந்த வூஸ்டர் வரைக்கும் ட்ராஃபிக்ல நொந்து வந்திருக்கீங்க, மொதல்ல காப்பியக் குடிங்க. தம்பின்னு கூப்பிடறேன்னு கோச்சுக்காதீங்க, என் கடைசிப் பையனுக்கு உங்க வயசுதான்.

எழுதிக்கோங்க. வக்கீல் ஃபீஸு, விசா விண்ணப்பக் கட்டணம், அப்புறம் என் சம்பளத்துல பாதி. ஆமா, பாதிதான். மீதிப் பாதிக்கு நான் கார் பார்க்கிங் பாஸ் குடுக்கறேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். இருபத்தாறு வருஷமா இந்த யூனிவர்சிட்டில குப்பை கொட்டறேன், பெர்னின்னு என் பேரச் சொன்னா வாட்ச்மேன்லேர்ந்து டீன் வரைக்கும் தெரியும்.

இந்தத் திட்டம் என்னன்னா, வெளிநாட்டுலேர்ந்து வந்து இங்க கம்பெனி தொடங்கறவங்களுக்கு விசா குலுக்கல்ல விழுந்தாத்தான் உண்டு. யூனிவர்சிட்டி வேலைக்கு மட்டும் குலுக்கல் கெடையாது. அதனால வாரத்துக்கு எட்டு மணி நேரம் நாங்க வேலைக்கு வெச்சுக்குவோம். பசங்களுக்குத் தொழில் சொல்லிக் குடுக்கணும். மத்த நேரம் அவங்க கம்பெனியப் பாத்துக்கலாம். தில்லுமுல்லெல்லாம் ஒண்ணும் இல்ல, சட்டப்படிதான்.

எஃபுவா அப்படித்தான் வந்தா. எஃபுவா போவாடு, கானாக்காரி. ஃபைல்ல மொதப் பேரே அவதான். பழைய ஸ்கூல் கட்டடத்துக் குழாய்த் தண்ணில ஈயம் கலந்து வருதான்னு சொல்ற கருவி செய்யறா. அந்தப் பழைய ஷூ ஃபேக்டரி இருக்குல்ல, அதுல ரெண்டாவது மாடி. பதினோரு பேரு வேலை செய்யறாங்க, பதினோரு பேரும் இந்த ஊர்க்காரங்க. அவங்க கட்டற வரியையும் உங்க தாள்ல ஒரு ஓரமா எழுதுங்களேன். அதுக்குக் கட்டமே இல்லையா? சரிதான் போங்க. செலவுக்கு மட்டும் கட்டம் கட்டமாப் போட்டு வெச்சிருக்காங்க.

அவளுக்கு லெட்டர் வந்தாச்சு தம்பி. விசாவ நீட்டிக்க மாட்டோம்னுட்டாங்க. வர ஞாயித்துக்கிழமை ஃப்ளைட்டு. அதனாலதான் உங்ககிட்ட இவ்ளோ பேசறேன். இந்தப் பொண்ணு போனா மாநிலத்துக்குத்தான் நஷ்டம்னு நீங்க ஒரு வார்த்தை எழுதினா எங்கயாவது எடுபடாதான்னு ஒரு நப்பாசை. எடுபடாதா... தெரியும், தெரியும். விசா மத்திய அரசு, நீங்க மாநில அரசு. யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்றாங்க. டீன் கையை விரிச்சுட்டாரு. நானும் கோயில் கோயிலா மெழுகுவத்தி ஏத்திட்டேன்.

ஏன் மறுத்தாங்கன்னா, போன வருஷம் மூணு மாசத்துச் சம்பளச் சீட்டு இல்லையாம். ஆங், அதேதான், உங்க கையில இருக்கற தாள்லயும் அந்த மூணு மாசத்துக்கு சைபர் போட்டிருக்கும். கண்ணு நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு.

போன வருஷம் ஒரு எம்.எல்.ஏ. டிவில கத்தினாரே, ஞாபகம் இருக்கா? ஊர் பேர் தெரியாதவங்களுக்கு நம்ம வரிப்பணத்துல சம்பளமான்னு? திட்டத்தையே மூடப் போறாங்கன்னு இங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தோம். செலவக் கொறச்சுக் காட்டுங்கன்னாரு டீன். சரி, எஃபுவாகிட்ட கேட்டோம். எட்டு மணி நேரச் சம்பளந்தான, விடு பெர்னி, சும்மாவே சொல்லித் தரேன்னுட்டா. மகராசி, ஒரு கிளாஸ் விடல தம்பி! பனி முட்டி வரைக்கும் கொட்டிக் கெடந்த அன்னிக்கும் வந்தா. சம்பள வகையில அரசாங்கத்துக்கு ஒரு டாலர்கூடச் செலவில்லைன்னு அறிக்கை போச்சு. மேலேர்ந்து பாராட்டி லெட்டர் வந்துச்சு, கேக்கெல்லாம் வெட்டினோம்.

ஆனா விசாக்காரங்க சட்டம் வேறயாம். வேலை குடுக்கறவங்க சம்பளம் குடுத்தே ஆகணுமாம், ஆளே வேணாம்னாலும் விடக்கூடாதாம். சம்பளம் இல்லாத மூணு மாசமும் அவ இங்க வேலையில இருந்ததாவே கணக்கு இல்லையாம்.

என்ன, அவளே எழுதிக் குடுத்திருக்காளேன்னா? ஆமா, அந்தக் கடுதாசி ஃபைல்லதான் இருக்கு. என் சொந்த விருப்பத்துலதான் சம்பளம் வேணாங்கறேன்னு. கையெழுத்து அவளோடதுதான்.

கடுதாசி அவளோடது இல்ல தம்பி. இந்தா, இந்த மேஜையில உக்காந்து நாந்தான் டைப் பண்ணேன். டீன்கூடப் பாதியாக் கொறைங்கன்னுதான் சொன்னாரு. சைபர்னு இருந்தா யாரும் வாயத் தொறக்க முடியாதேன்னு எனக்குத்தான் தோணிச்சு. பெர்னி குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு படிக்காமக்கூடக் கையெழுத்துப் போட்டா. விசா வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே வேணாம்னு சொல்லியிருப்பாரு. அவரு ஃபோன் எடுத்தாலே நானூறு டாலர், அதுவும் இந்தக் கணக்குல ஏறுமேன்னு நான் கேக்கல. போன வாரம் அந்த வக்கீல்கிட்டயே போய் தப்பு என்னோடதுன்னு அழுதேன். யாரோட தப்பா இருந்தா என்ன, சம்பளம் போகலன்னா போகலதான்னாரு.

சம்பளத்த சைபராக்கினது டீன் சொல்லித்தான்னு எஃபுவா இன்னும் நெனச்சிட்டிருக்கா. ஞாயித்துக்கிழமை அவள ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறது நாந்தான்.