திரையில் நின்ற மேடு

அய்யய்யோ, உருட்டாதீங்க தம்பி, தூக்குங்க. பழைய இரும்புக்குத்தான் போகுதுன்னு எனக்கும் தெரியும். பதினோரு வருஷமா இந்தப் பெட்டிக்குப் பம்பு ஓட்டினவன், மனசு பதறுதுல்ல.

கொதிகலனா? நல்லாக் கேட்டீங்க போங்க! இதுக்குள்ள லேசர் அடிப்போம். கண்ணுக்கே தெரியாது, புற ஊதாவுலயே கடைக்கோடி. காத்துல ஒரு சாண்கூடப் போகாது. அதனால உள்ள இருக்கிற காத்தையெல்லாம் உறிஞ்சி எடுக்கணும், அதான் என் பொழப்பு. அப்புறம் ஊசிமுனைக் குழாய் வழியா துளியூண்டு வாயு விடுவோம். லேசர் பட்டதும் அணுவுலேர்ந்து எலக்ட்ரான் தெறிச்சு ஓடும், திரையில ஓடுற கோட்டுல ஒரு மேடு எழும்பும். அவ்வளவுதாங்க சங்கதி.

அதுவா? கைதட்டுறாங்க. மாடியில நம்ம பொண்ணு பேசுது. என் பொண்ணு இல்லீங்க, ஆராய்ச்சி பண்ற பொண்ணு, என்னை அண்ணேன்னு கூப்பிடும். ஏழு வருஷம் இந்தப் பெட்டியே கதின்னு கிடந்துச்சு. யாரும் பாக்காத இடத்துல ஒரு மேட்டைப் பாத்துச்சு. அணு ஒரே நேரத்துல ரெண்டு அடி வாங்கி உடையுதுன்னு மூணு வருஷம் உக்காந்து கணக்குப் போட்டுச்சு. இன்னிக்கு அதுக்குத்தான் பட்டம்.

சந்தோஷம்தான். யாரு இல்லேன்னா?

இல்ல தம்பி, வழிதவறின ஒளி குழாயோட இரும்புல பட்டாலும் எலக்ட்ரான் வரும். அதனால வாயுவை மூடிட்டு ஒருதரம் அடிச்சுப் பாக்கணும். மேடு படுத்துட்டா, அது அணுவோடது. அளவெடுத்த கடைசி நாள், அம்மாவுக்கு மூச்சுத்திணறல்னு அது ஆஸ்பத்திரிக்கு ஓடிடுச்சு. என்னை மூடிப் பாக்கச் சொல்லிட்டுப் போச்சு. பம்பு வேற கொதிச்சுக்கிட்டிருந்துச்சு, எனக்கு வீட்டுக்குப் போற அவசரம். பாக்காமலே அணைச்சுட்டேன். போன்ல கேட்டுச்சு, மூடிப் பாத்தீங்களாண்ணேன்னு. பாத்தேம்மா, சுத்தமா படுத்துடுச்சுன்னேன். பாவிப்பய நான். அந்தப் பக்கம் அது அழுதுக்கிட்டே சிரிக்குது.

போன வாரம்தான், கழட்டறதுக்கு முந்தி, மனசு கேக்காம மூடிட்டு அடிச்சுப் பாத்தேன். மேடு அப்படியே நிக்குது தம்பி, மயிரிழை குறையாம. அணுவோடது இல்ல, குழாய் இரும்போடது.

சொல்லலாம். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்ல? நீங்களே சொல்லுங்க. சொன்னா அந்த ஏழு வருஷம் எங்க போகும்?

சரி, அந்தப் பக்கம் பிடிங்க, சட்டுனு ஏத்திடலாம். கூட்டம் முடிஞ்சதும் இது பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுக்கணும்னு ஆசையாக் கேட்டுச்சு. பெட்டி நேத்தே போயிடுச்சும்மான்னு சொல்லியிருக்கேன்.