கையுறை போட்ட கை

உள்ள ஒண்ணுமே இருக்காது, காத்துகூட இருக்காது. ஆனா அதுக்கு ஒரு ரூமு, ஒரு பூட்டு, காவலுக்கு நான். அது என்னன்னு சொல்லுங்க பாப்போம்... என்ன சார், பம்ப்பு பாக்க வந்தவரு, உங்களுக்கே தெரியலையா? வெற்றிடம்! இந்த இரும்புக் கலத்துல இருக்கற காத்தையெல்லாம் உங்க பம்ப்பு உறிஞ்சி எடுக்கணும். அதுவும் உறிஞ்சுது, உறிஞ்சுது... உள்ள அழுத்தம் இறங்குவேனாங்குது.

பம்ப்புல கோளாறு இல்லங்கறீங்க. ஓட்டையும் இல்லங்கறீங்க. உள்ள எண்ணெய்ப் பிசுக்காம். என் லேப்லயா? கேட்டுக்கோங்க, வெறுங்கையோட இங்க யாரும் எதையும் தொட முடியாது. விரல்ல இருக்கற பிசுக்கு துளி ஒட்டினாலும், அது உள்ள போயி கொஞ்சங்கொஞ்சமா ஆவியாயிக்கிட்டே இருக்கும். அப்பறம் ராப்பகலா பம்ப்பு ஓடினாலும் வேலைக்கு ஆகாது. இதை நான் சொல்லாத ஆளு இல்ல. டைரக்டருக்கே கையுறை மாட்டி விட்டிருக்கேன்.

ஆனா பேரு கெடறது எனக்குத்தான். அழுத்தம் அளக்கற கண்ணாடிக் குழாய் ஒண்ணை நம்ம ஆராய்ச்சிக்காரரு கழுத்தைப் புடிச்சுத் திருகி ஒடச்சாரு. கோழின்னு நெனச்சாரோ என்னவோ. இன்னொண்ணு நானே மாட்டினது, பிசுக்கேறிப் போச்சு. எப்படின்னு தெரியலை. அதோ, பஞ்சுப் பெட்டியில படுத்திருக்கே, அதான் கடைசி. அதுவும் போச்சுன்னா சாவியை வாங்கிடுவேன்னுட்டாரு டைரக்டர். இத்தனை வருஷம் இடுப்புல சொருகின சாவி சார்...

இருங்க, ஃபோன் அடிக்குது. ஹலோ... அப்பறம் பேசறேன். எங்க அக்கா. சரி, இந்தத் தலைமுடி வேற, காலையில எண்ணெய் வெச்சு வாரினாலும் கண்ணுலயே விழும். கண்ணாடியும் மூக்குல நிக்காது. ம், என்ன சொல்லிட்டிருந்தேன்? சுத்தம்.

என்ன சார், அங்க பாத்துச் சிரிக்கறீங்க? எம்பொண்ணுதான். ஸ்கூல் லீவு, அதான் ஸ்டூல்ல ஒக்கார வெச்சிருக்கேன். ஏண்டி, யாரக் கேட்டு அந்தக் கையுறையைப் போட்ட? என்ன விளையாட்டு இது?

'அம்மா வெளயாட்டு'ங்கறா.

பாருங்க, தலைமுடியை ஒதுக்கறா. மூக்குக்கண்ணாடியை ஏத்தி விடறா, இல்லாத கண்ணாடியை. ஃபோனை எடுத்து, 'அப்பறம் பேசறேன்'. கழுத்து வேர்வையைத் தொடைக்கறா. இப்ப... அதே கையால ரப்பரை ரெண்டு விரல்ல தூக்கி, மூச்சைப் புடிச்சிக்கிட்டு, மெதுவா பென்சில் டப்பாக்குள்ள வைக்கறா.

...

நீங்க சிரிக்கறதை நிறுத்துங்க மொதல்ல.

நான் அப்படியா பண்றேன்? இப்பவுமா? இந்தக் கையுறையைக் காலையில போட்டேன். கழட்டவே இல்ல. கழட்டினாத்தானே கை படும்னு...

சரி. பாப்பா, இங்க வா. பெட்டியைத் தொடாத. ஒண்ணு கேக்கறேன், பயப்படாமச் சொல்லு. புதுக் கையுறை ஒரு ஜோடிதான் இருக்கு. அந்தக் கடைசிக் குழாயை யாரு மாட்டலாம், அம்மாவா, இந்த மாமாவா?

மாமாவாம்.