வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க சார்

ஹலோ... ஹலோ, ஸ்டெபின்? அப்பாடா, எடுத்தியா! காலையிலேர்ந்து பதினோரு தடவை அடிச்சிட்டேன்டா... ஆமா, யூனிஸ் மிஸ்தான்... மெதுவாத்தான் பேச முடியும். சயின்ஸ் லேப்ல உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு நிக்கிறேன்... ஏனா? வெளிய வராந்தா பூரா பேரன்ட்ஸ். டென்த்துக்கு நான் பாடமே எடுக்கக்கூடாதாம்... உங்க சீரியல்தான்டா! வேற என்ன?

...ஆமா... ஆமா, கதைதான். எனக்குத் தெரியுது, அவங்களுக்குத் தெரியணுமே? கதையில ஒரு டீச்சர் கொஸ்டின் பேப்பரை வித்துடுறா. அவ பேரு யூனிஸ். நடிச்சிருக்கிறது நானே. கட்டியிருக்கிறது என் புடவை. நிக்கிறது இதே தாம்பரம் ஸ்கூல், இதே லேப். மேல 'உண்மைச் சம்பவம்'னு கொட்டை எழுத்துல வேற போடுறீங்க... ஆங்? நான்தான் ஒத்துக்கிட்டேனா? "மிஸ், உங்க பேரே இருக்கட்டும், நேச்சுரலா இருக்கும்"னு சொன்னது யாரு? என்கிட்ட படிச்ச பையன் அசிஸ்டென்ட் டைரக்டரா வந்து நிக்கிறானேன்னு பூரிச்சுப் போயி தலையாட்டினேன். எனக்கு நல்லா வேணும்.

...சிரிக்காத. பல்லாவரம் சந்தையில பூச்செடி விக்கிறவன், "இன்னா மிஸ், சயின்ஸ் பேப்பர் கீதா?"ங்கிறான். வாங்கின செடியை அங்கேயே போட்டுட்டு வந்துட்டேன்.

சரி, அதை விடு. நாளைக்கு வெள்ளிக்கிழமை, கடைசி எபிசோடு. பேப்பரை வித்தது ஹெட்மாஸ்டர், நான் இல்லைன்னு ஒரு சீன் வருதில்ல? அதை நம்பித்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். முடிவை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டீங்களே. எங்க கரஸ்பாண்டன்ட் தேவானந்தம் சார்கிட்ட, "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க சார்"னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்...

...என்னது?

...அந்த சீனையே தூக்கிட்டீங்களா? ஏன்டா?... ரெண்டாவது சீசனுக்கு வச்சிருக்கீங்களா? அப்போ நாளைக்கு எப்படி முடியுது?... போலீஸ் ஜீப்புல... ஏத்துறாங்களா. என்னையா?... டேய், அது கனவு சீன்னு சொல்லித்தானடா எடுத்தீங்க! அழச் சொன்னீங்க, அழுதேனே!

...இல்ல, இப்போ அழல. பயமா இருக்குடா.

...ரெண்டாவது சீசன் ஜூன்லயா? மார்ச்ல பப்ளிக் எக்ஸாம்டா, அதுவரைக்கும் என்னை இங்க வச்சிருப்பாங்களா?... எடுத்தது போதாதுன்னு அந்த சீனைத் திரும்பவும் எடுக்கணுமா? நான் வரலைன்னா?... ஓஹோ. கதையையே மாத்திடுவீங்க. நான் ஜெயில்லயே இருக்கவேண்டியதுதான். இனிமே கேமரா முன்னாடி நிக்கமாட்டேன்னு சார் எழுதி வாங்கிட்டார்டா. நடிச்சா வேலை போச்சு. நடிக்கலைன்னா ஆயுசுக்கும் நான் பேப்பர் வித்தவ. எந்தப் பக்கம்டா போவேன்?

...இரு, இரு. கதவைத் தட்டுறாங்க. யாரு? ஆயா கன்னியம்மாவா?... யாரு, தேவானந்தம் சாரா? இதோ வரேன் சார், ஒரே நிமிஷம்!... டேய், கரஸ்பாண்டன்ட்டே வந்துட்டார். ஆயாவைக் கூட அனுப்பல, அவரே வந்து நிக்கிறார். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. ஸ்பீக்கர்ல போடுறேன். இது முழுக்கக் கட்டுக்கதை, கதையிலயும் அந்த டீச்சர் தப்பு பண்ணலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீ எடுத்தவன், நீ சொன்னா நம்புவாங்க... யாருக்குத் தெரியப்போகுது?... உன் வேலை போயிடுமா? என் வேலை வாசல்ல நிக்குதுடா! இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் எதாவது கேட்டிருக்கேனா?... ம்... ம். சரிப்பா. நல்லா இரு. லைன்லயே இரு, கதவைத் திறக்கிறேன்.

வாங்க சார். அந்த சீரியலோட அசிஸ்டென்ட் டைரக்டர் லைன்ல இருக்கார். நம்ம ஸ்கூல் பையன்தான் சார், ஸ்டெபின்னு. அந்த லெட்டரை அப்புறம் குடுங்க சார், முதல்ல இவர் சொல்றதைக் கேளுங்க... ஸ்டெபின், சொல்லுப்பா. சார் கேட்டுக்கிட்டு இருக்கார்.

...ஸ்டெபின்?

...ஹலோ?... ஹலோ?

...இல்ல சார், டவர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவனாத்தான் வச்சுட்டான்.