முத்திரை இல்லாத படம்

எடுத்த படத்தில் எடுத்தவன் பேர் இருக்க வேண்டும். இதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. குடவாசல் கடைத்தெருவில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். என்னிடம் ஓர் இரும்பு முத்திரை உண்டு. மை வேண்டாம். படத்தின் கீழே வலது மூலையில் வைத்து அழுத்தினால் 'ரெத்தினம் ஸ்டுடியோ' என்று காகிதமே மேடாக எழும்பும். கல்யாணமோ சாவோ, எந்தப் படமும் அது இல்லாமல் என் கடையை விட்டுப் போனதில்லை, ஒன்றைத் தவிர. நீங்கள் கேட்பது அதைப் பற்றித்தான்.

அறுபத்தொன்பது, தை மாசம். புது ஆட்சி வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் இருந்தார்கள். பண்ணைகள் வெளியூர் ஆட்களை இறக்கின. வைரக்கண்ணு சங்கத்தில் முன்னால் நின்று பேசுகிறவன். ஒரு நாள் காலையில் மனைவி பொன்னுத்தாயையும் ஆறு மாசப் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு படம் எடுக்க வந்தான். அவர்கள் தெருவிலிருந்து என் கடைக்குள் வந்த முதல் குடும்பம். தோளில் கிடந்த துண்டை அவன் எடுக்கவில்லை.

சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தான்.

"மூலையில அழுத்துறீங்களே, அது எங்க படத்துல வேணாங்க. புள்ள கால் மேல விழும்."

"அது கடை வழக்கம்ப்பா" என்றேன்.

"படத்துல இருக்கறது நாங்கதானுங்களே. உங்க பேரு எதுக்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நானும் சிரித்தேன். குழந்தை திமிறியதில் கேமராவைச் சற்றுப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. பின்னால் கட்டியிருந்த திரைக்கு வெளியே தொங்கிய தேதிக் காலண்டரும் கடிகாரமும் படத்தில் விழுந்துவிட்டன. மணி பத்து ஐம்பது.

அதே நேரத்தில், எட்டு மைல் தள்ளி, பண்ணைக் களத்தில், வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் சிவசாமியை யாரோ வெட்டிக் கொன்றார்கள். சாயங்காலம் வைரக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நாலாம் நாள் பொன்னுத்தாய் படம் வாங்க வந்தாள். அவனைப் பிடித்ததும், கொலை நடந்த நேரமும் எனக்குத் தெரிந்திருந்தது. முத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கேட்டுக்கொண்டபடியே வெறும் படமாகக் கொடுத்தேன்.

தஞ்சாவூர் கோர்ட்டில் அவன் வக்கீல் அந்தப் படத்தை என்னிடம் நீட்டினார். இது நீங்கள் எடுத்ததா என்றார்.

"என் படம் எதுவும் முத்திரை இல்லாமல் வெளியே போகாது. இதில் இல்லை" என்றேன்.

அந்தத் திரை உங்களுடையதுதானே என்றார். அதே மாதிரி திரை பாபநாசத்தில் ஒரு ஸ்டுடியோவிலும் இருக்கிறது என்றேன். நெகட்டிவ் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். கூண்டிலிருந்து வைரக்கண்ணு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கடிகார முள்ளை யாரும் திருப்பி வைக்கலாம் என்று அரசாங்க வக்கீல் சொன்னார். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

பண்ணையிலிருந்து யாரும் வந்து என்னை மிரட்டவில்லை. வந்திருந்தால் உங்களிடம் சொல்ல ஒரு காரணமாவது இருந்திருக்கும். பேர் எதற்கு என்று கேட்டானே, எதற்கென்று தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. அன்று மத்தியானம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆறாவது வருஷம் திருச்சி ஜெயிலில் அவன் காய்ச்சலில் செத்துப்போனான். பொன்னுத்தாய் மறுபடி கடைக்கு வந்தாள். கோர்ட்டிலிருந்து திரும்பி வந்த படம் அவள் கையில் இருந்தது. அவன் முகத்தின் மேல் ஊதா மையில் கோர்ட்டு சீல்.

"அவரு மூஞ்சி இது ஒண்ணுலதாங்க இருக்கு. மாலை போட, பெருசாக்கித் தர முடியுங்களா?"

சீல் விழுந்த படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே போனேன். தேட வேண்டியிருக்கவில்லை. நெகட்டிவை மேல் தட்டில், தனி உறையில் வைத்திருந்தேன். வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அப்ப இது உங்ககிட்டதான் இருந்துச்சுங்களா?"

"ஆமா" என்றேன்.

கையிலிருந்த படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். பிறகு, "எப்ப வரட்டுங்க?" என்று கேட்டாள்.

வைரக்கண்ணு அந்தக் கொலையைச் செய்யவில்லை. அது நடந்தபோது என் எதிரில், குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இதை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் சொன்னபடியே அவளும் வெள்ளிக்கிழமை வந்து படத்தை வாங்கிக்கொண்டு போனாள். என்மேல் குறை இருந்திருந்தால் வந்திருப்பாளா?