பத்து அட்டைக்கும் ஒரே பதில்

நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டிருக்கிறீர்கள். நாங்கள் அப்படிப் போடுவதில்லை. மைப்படச் சோதனை என்றால் வந்தவருக்குப் பக்கத்தில், ஒரு முழம் பின்தள்ளி உட்காருவோம். நம் முகம் போகிற போக்கைப் பார்த்து அவர்கள் பதிலை மாற்றிவிடக் கூடாது, அதற்காக. பரவாயில்லை, நீங்கள் விசாரணை அதிகாரி, உங்களுக்கு உங்கள் வழக்கம். தண்ணீரை மட்டும் கொஞ்சம் கிட்டே தள்ளுங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

இருபத்தாறு வருஷமாகக் குடும்ப நீதிமன்றத்துக்கு உளவியல் அறிக்கை எழுதுகிறேன். பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டியில் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று நீதிபதிக்குக் குழப்பம் வந்தால் இரண்டு பேரையும் என்னிடம் அனுப்புவார். முதல் மாடியில், கழிவறைக்கு அடுத்த அறை. இருந்த ஒரே ஜன்னலையும் ஏசி வைக்கப்போகிறோம் என்று பலகை போட்டு அடைத்தார்கள். ஏழு வருஷம் ஆகிறது, ஏசி வந்தபாடில்லை. அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து பத்து அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவேன். தாளில் மையைக் கொட்டி மடித்துப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருமே, அந்த மாதிரிப் படங்கள். "இது என்னவா இருக்கலாம்?" என்று மட்டும் கேட்பேன். ஒருவர் வௌவால் என்பார், இன்னொருவர் இடுப்பெலும்பு என்பார். படத்தில் வௌவாலும் கிடையாது, எலும்பும் கிடையாது. பார்ப்பவர் மனசில் இருப்பதுதான் வாய்வழியே வந்து விழுகிறது. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ள வேண்டும். அட்டையைக் கையில் வாங்கியதிலிருந்து எத்தனை நொடியில் வாய் திறந்தார், எவ்வளவு நேரம் கழித்து அட்டையைக் கீழே வைத்தார் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். இதில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

ஆனால் யார் படிக்கிறார்கள்? பதினெட்டுப் பக்கம் எழுதினால் நீதிபதி கடைசிப் பத்தியை மட்டும் பார்ப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு அறிக்கையில், போதிய பதில்கள் இல்லாததால் முடிவு கூற இயலாது என்று நேர்மையாக எழுதினேன். அத்தனை பேர் முன்னாலும் என்னை நிற்க வைத்து, "முடிவு சொல்ல முடியலைன்னு சொல்ல ஒரு நிபுணர் எதுக்கும்மா? அத எங்க குமாஸ்தாவே சொல்லிடுவாரே" என்றார். சபையே சிரித்தது. குமாஸ்தாவும் சிரித்தார். எனக்கு அன்றைக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது.

அது போதாதென்று எனக்கு உதவியாக ஒரு பெண்ணை அனுப்பினார்கள். நான் அவளுக்குக் கேள்வித்தாள் என்று பெயர் வைத்தேன். ஐந்நூறு கேள்வி, ஆம் இல்லை என்று டிக் அடிக்க வேண்டும், கணினி மதிப்பெண் போடும். அவளுக்கு அதுதான் வேதம். என் அட்டைகளைப் பார்த்து, "மேடம், இதுல பாக்கறவங்க மனசு வருதா, மதிப்பெண் போடறவங்க மனசு வருதா?" என்று கேட்டாள். முளைத்து மூன்று இலை விடவில்லை, வாய் மட்டும் காதுவரை. அட்டைகளை அடுக்கி உறையில் போட்டேன்.

இந்த வழக்குக்கு வருகிறேன். அவசரப்பட வேண்டாம்.

ஐந்து வயதுப் பெண் குழந்தை. அப்பன் வீட்டு உபயோகச் சாமான் விற்கும் கடையில் மேலாளர். வந்தான், வணக்கம் சொன்னான், உட்கார்ந்தான். முதல் அட்டையிலேயே வண்ணத்துப்பூச்சி. அடுத்ததில் இரண்டு பேர் கைதட்டி விளையாடுகிறார்கள். கடைசி அட்டையில் கடலுக்கடியில் திருவிழாவாம். முப்பத்தொரு பதில். எழுதி எழுதி என் கை வலித்தது, மனசு குளிர்ந்தது. இப்படி ஒருவன் வந்தால்தானே இந்தத் தொழிலில் ஒரு அர்த்தம் இருக்கிறது. பதில்களை எங்கேயாவது படித்து மனப்பாடம் செய்து வந்திருப்பானோ என்று கேள்வித்தாள் முணுமுணுத்தாள். நல்லவனாகத் தெரிய ஆசைப்படுகிறவன் நல்லவனாக இருக்கத்தானே பார்ப்பான் என்றேன்.

மறுநாள் அவள் வந்தாள், குழந்தையின் அம்மா. அச்சகத்தில் வேலை. நகக்கண்ணெல்லாம் கறுப்பு. மைக்காரி என்றுதான் நான் மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். முதல் அட்டையைக் கொடுத்தேன். திருப்பினாள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், விரலால் தடவினாள்.

"இது மை, மேடம்."

"சரி. என்னவா இருக்கலாம்?"

"மைதான். தாள நடுவுல மடிச்சு அமுக்கியிருக்காங்க. அத அப்புறம் அச்சடிச்சிருக்காங்க. இந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலா விழுந்திருக்கு பாருங்க. எங்க எடத்துல இப்படி வந்தா கழிச்சுக் கட்டிருவோம்."

இரண்டாவது அட்டை. "மை. செவப்ப தனியா விட்டிருக்காங்க." மூன்றாவது, மை. நான்காவது, மை. பத்தும் முடிந்தது. எட்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று முறை இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தெரியும், நிதானமாகப் பாருங்கள் என்று சொல்லி மறுபடி முதல் அட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தேன். "பயப்படாதீங்க, இதுல சரி தப்புன்னு எதுவும் கெடையாது" என்றேன்.

"சரி தப்பு இல்லைன்னா எதுக்கு மேடம் எழுதிக்கிறீங்க?"

அவள் எகத்தாளமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் என்னைக் கோபப்படுத்தியது. மறுபடியும் பத்து அட்டை, பத்து மை. கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவளிடம் ஒரு பட்டாம்பூச்சி உரிக்க முடியவில்லை. எழுந்து நின்று, "பாப்பாவ எப்போ கூட்டிட்டுப் போகலாம் மேடம்? பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள சொன்னீங்கன்னா சீருடை தைக்கக் குடுக்கணும்" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். பத்துப் படம் காட்டி ஒன்றில்கூட ஒரு உயிரைப் பார்க்காதவள் மனசில் என்ன இருக்கும்? ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒளிக்கிறாள் என்று எனக்குப் பட்டது. எதை ஒளிக்கிறாள் என்பதும் ஏறக்குறையத் தெரிந்தது. இருபத்தாறு வருஷ அனுபவம். ஆனால் அறிக்கையில் என்ன எழுதுவது? முடிவு கூற இயலாது என்றா? இன்னொரு தடவை அந்தச் சபை நடுவே நிற்க என்னால் ஆகாது.

ஆகவே அவள் சொல்லாமல் விட்டதை நான் எழுதினேன். இருபத்து மூன்று பதில்கள். உங்கள் கோப்பில் இருக்கின்றன. இரண்டாவது அட்டை: இரண்டு பெரியவர்கள் நடுவில் ஒரு சின்னதைப் பிடித்து இழுக்கிறார்கள், கிழிந்தாலும் விடமாட்டார்கள். ஆறாவது: சுவரில் ஆணியடித்து விரித்த தோல், இன்னும் சூடு ஆறவில்லை. ஒன்பதாவது: பின்னால் யாரோ அழுகிறார்கள், முதுகு காட்டி நிற்கும் பெண்ணுக்கு அது கேட்கிறது, திரும்பமாட்டாள். அதன்பின் முறைப்படி மதிப்பெண் போட்டேன். அதில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. கடைசிப் பத்தியில், பிறர் வலி உறைக்காத மனம், இவரிடம் குழந்தை பாதுகாப்பாக இருக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீதிபதி பாராட்டினார். இப்படித்தாம்மா தெளிவா எழுதணும் என்றார்.

குழந்தை அப்பனிடம் போயிற்று. நீதிமன்றத்தில் மைக்காரி, "நான் மைன்னு மட்டுந்தாங்க சொன்னேன், வேற ஒரு வார்த்த சொல்லல" என்று கரடியாகக் கத்தினாள். கத்தக் கத்த அறிக்கையில் எழுதியிருப்பது சரி என்றே எல்லோருக்கும் தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து மேல்முறையீட்டுக்காக மறுபடி என்னிடமே அனுப்பினார்கள். இளைத்திருந்தாள். நகத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தமாக்கிக்கொண்டு வந்திருந்தாள். அட்டையை நான் எடுப்பதற்கு முன்னாலேயே, "வண்ணத்துப்பூச்சி, மேடம்" என்றாள். அடுத்து, "ரெண்டு பேரு வெளையாடறாங்க." மூன்றாவது அட்டைக்குச் சொல்ல வேண்டியதை நான்காவதுக்குச் சொல்லிக் குழம்பினாள். பிறகு அட்டையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான் என்ன பாக்கணும்னு நீங்களே சொல்லிருங்க. அதையே பாக்கறேன். எம்புள்ளைய மட்டும் குடுத்துருங்க."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லிக்கொடுத்த பதிலை ஏற்பது தொழில் தர்மம் அல்ல. பயிற்சி பெற்று வந்துள்ளார், ஏமாற்றும் இயல்பு என்று எழுதினேன். அது முழு உண்மை. அந்த அறிக்கையில் நீங்கள் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் நடந்ததற்கு என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? அப்பன் காலையில் குழந்தையை உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு கடைக்குப் போவானாம். ஒருநாள் அது நாற்காலி போட்டு ஏறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறது. அம்மா வேலை செய்யும் அச்சகத்து வேன் அந்தத் தெருவில் வரும் நேரமாம். இரண்டாவது மாடி. பிழைத்துக்கொண்டது, இடது கால்தான் சரியாக ஊன்ற வரவில்லை என்கிறார்கள். ஜன்னலுக்குக் கம்பி போடாதது நானில்லை, பூட்டிவிட்டுப் போனதும் நானில்லை.

கேள்வித்தாள்தான் விஷயத்தைக் கிளப்பினாள். என் பதில்தாளில் அட்டைக்கு அட்டை குறித்திருந்த நேரங்களைக் கூட்டியிருக்கிறாள். ஐம்பத்தெட்டு நிமிஷம். கீழே காவலாளியின் பதிவேட்டில் மைக்காரி உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் நடுவில் இருபத்திரண்டு நிமிஷம்தான். "மேடம், இந்த நேரமெல்லாம் எங்கேந்து வந்துச்சு?" என்று கேட்டாள். நீங்களும் அதைத்தான் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். வாய்க்கு வந்த எண்ணைப் போட்டேன் என்று நினைக்கிறீர்கள். அப்படிப்பட்ட வேலை எனக்குத் தெரியாது ஐயா.

அன்று அவள் போனதும் கதவைச் சாத்தினேன். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கடிகாரத்தை ஓடவிட்டு முதல் அட்டையைக் கையில் எடுத்தேன். கண்ணில் பட்டதைப் பட்டபடியே எழுதினேன். சில அட்டைகளில் சட்டென்று தெரிந்தது. ஒன்பதாவதில் முதல் பதில் வரவே நாற்பது நொடி ஆயிற்று. இட்டுக்கட்டியது ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே ஒத்துக்கொள்கிறேன், அந்த இருபத்து மூன்று பதில்களில் அவள் வாயிலிருந்து வந்தது ஒன்றுமில்லை, எல்லாம் நான் பார்த்தது. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் வேலை போகும். போகட்டும். ஆனால் நாளைக்கு அந்தக் குழந்தையை மைக்காரியிடம் திருப்பிக் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதே பதில்தாளைப் பெயரை மறைத்து வெளியூர் நிபுணர் ஒருவருக்கு நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். அவர் எழுதிய கடிதம் இதோ மேசைமேல் இருக்கிறது. இந்தப் பதில்களைச் சொன்னவருக்கு மற்றவர் வலி உறைக்காது, ஒரு குழந்தையின் வாழ்க்கை இவர் கையில் இருக்கவே கூடாது என்று முன்பின் தெரியாத மனுஷன் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுமா ஐயா அவளிடம் குழந்தையைக் கொடுக்கப்போகிறீர்கள்?