அவ கை எனக்குத் தெரியும்

கிரில்ல போட்டு ஆட்டாதீங்க லா, பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டு சீனம்மா ஏற்கெனவே எட்டிப் பாக்குது. பாக்கட்டும். நான் தெறக்க மாட்டேன். டைவர்ஸ் ஆகி மூணு வருஷத்துல ஒரு தடவ இந்த வாசலுக்கு வந்ததில்ல, இன்னிக்கு காலங்காத்தால தெலுக் இந்தான்லேருந்து காடிய ஓட்டிக்கிட்டு பறந்து வந்திருக்கீங்க. ஷர்மினி எங்கன்னு என்னைய கேட்டா? உங்க மக உங்க வீட்டுலதானே இருக்கணும்? அப்படித்தானே எழுதி வாங்குனீங்க?

அந்த கோர்ட்டு பேப்பர மூஞ்சிக்கு நேரா ஆட்ட வேணாம். நானும் படிச்சவதான் அத. புள்ள அப்பாகிட்ட, அம்மாவுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமைன்னு போட்டிருக்கு. அந்த சனிக்கிழமை எங்க போச்சு? ஒரு வாட்டி புள்ளைக்கு காய்ச்சல். ஒரு வாட்டி கோயில் திருவிழா. ஒரு வாட்டி காடி ரிப்பேர். அப்புறம் காரணம் சொல்றதையும் விட்டுட்டீங்க. புள்ள போன் நம்பர மாத்துனீங்க, ஸ்கூல் வாசல்ல நான் போயி நின்னா டீச்சர்கிட்ட சொல்லி வெரட்டுனீங்க. ஆஸ்பத்திரியில தரை தொடைக்கிறவ, வாடகை வீடு, ஷிப்ட் வேலை, இவ எப்படி புள்ள வளப்பான்னு வக்கீல விட்டு கேக்க வெச்சீங்கள்ல? அன்னிக்கு கோர்ட்டுல பேசத் தெரியல எனக்கு.

இருங்க. அவ எங்க இருக்கான்னு நான் சொல்றேன். சொல்லமாட்டேன்னு சொல்லல. ஆனா நான் சொல்றத முழுசா கேட்டாத்தான் சொல்லுவேன். கேக்க இஷ்டமில்லன்னா காடி அங்கதான் நிக்குது, போலாம்.

நானும் அவளும் எப்படி பாத்துக்கிட்டோம்னு நீங்க கண்டுபுடிச்சிட்டீங்க, அது தெரியும். ஆனா பாதிதான் கண்டுபுடிச்சீங்க. மீதிய நான் சொல்றேன்.

என் தம்பி கனகராஜ், லோரி ஓட்டுறானே, அவன்தான் ஒரு நாள் கேம் மெஷின கொண்டாந்து ஹால்ல மாட்டுனான். அக்கா, ஷர்மினி இன்னும் அந்த சண்டை கேம்தான் வெளயாடுறா, ஆன்லைன்ல அவ பேர பாத்தேன்னான். நம்ம வீட்டுல இருக்கறப்ப அந்த கேமுக்காக அவள எத்தன ஏச்சு ஏசியிருப்பேன். இப்ப அதுதான் ஒரே வழி. நான் பேரு வெச்சேன், புட்டுன்னு. ஆமா, நம்ம பூனை. நீங்க பசார்ல கொண்டு போயி விட்டுட்டு வந்து, தானா ஓடிப்போச்சுன்னு சொன்னீங்களே, அதே புட்டுதான். அந்தப் பேர பாத்த அன்னிக்கே அவ புரிஞ்சுக்கிட்டா.

எழுதி பேசலாமேன்னு கேக்குறீங்களா? எப்படி பேசுறது? அதையெல்லாம் அடைச்சு வெச்சிருந்தீங்களே, பாஸ்வேர்டு போட்டு. வெளையாட மட்டும்தான் முடியும். அதுவும் நீங்க சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போயி வர்ற நேரம். அப்ப நான் காலை ஷிப்ட் முடிச்சு வீட்டுக்கு வந்திருப்பேன், துணிகூட மாத்தாம ஒக்காந்துருவேன்.

மொதல்ல வெளையாடுனப்ப நின்னு மூச்சு விடுறதுக்குள்ள செத்துப்போனேன். கேம்ல அவ எடுக்கறது ஒரு பொண்ணு, குட்டி ஒடம்பு, குதிச்சு குதிச்சு ஒதைப்பா. ஆட்டம் ஒடனே முடிஞ்சிடும். முடிஞ்சா அவ்வளவுதான், எங்களுக்கு இருக்கற நேரமும் போச்சு. தோக்குறது ஒண்ணுமில்ல எனக்கு. சீக்கிரமா தோக்கக் கூடாது. அதுக்குத்தான் கத்துக்கணும்னு இருந்துச்சு.

கனகராஜ் பத்து ஆளு காட்டுனான். தீ விடுறவன், கத்தி வெச்சிருக்கறவ, காத்துல பறக்கறவன். நான் ஒரு பாக்ஸர எடுத்தேன். மூக்கு ஒடஞ்சு ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், இடுப்புல மஞ்ச சிலுவார் போட்டிருப்பான், ஒதைக்கவே தெரியாது, வெறும் குத்துதான். மூக்கன்னு பேரு வெச்சேன். அக்கா, இவன் கஷ்டம், பழகறதுக்கு நாளாகும்னான். இருக்கட்டும், இவன் அடிச்சா எவ்வளவு போவுதுன்னு கேட்டேன். நாலு குத்து, எதிராளி காலின்னான். போதும்டா, இவனே இருக்கட்டும்னேன். எனக்கு அப்ப யாரையாவது அடிக்கணும் போலத்தான் இருந்துச்சு. யாரன்னு கேக்காதீங்க.

அவன எப்படி ஆடணும் தெரியுமா? முன்னால போகவே கூடாது. இடது கை கட்டை வெரலால பின்பக்கமா அழுத்திப் புடிச்சுக்கிட்டு இருக்கணும். எதிராளி வந்து நாலு சாத்து சாத்துவான், தடுத்துக்கிட்டு கம்முனு புடிச்சிருக்கணும். கொஞ்ச நேரம் புடிச்ச பொறவு டக்குனு முன்னால தள்ளி வலது கையால குத்தணும். அப்பத்தான் ஓடிப்போயி விடுவான் பாருங்க ஒண்ணு. பொறுக்காம ஒரு அடி முன்னால எடுத்து வெச்சாலும் போச்சு, மறுபடி மொதல்லேருந்து புடிக்கணும். இந்த பொறுமைய எனக்கு யாரும் புதுசா கத்துக்குடுக்க வேணாம். உங்ககூட குடும்பம் நடத்துனவ நான். ஆனா டக்குனு தள்ளி குத்தறது இருக்குல்ல, அதுக்குத்தான் விரல் வரல. ரெண்டு மாசமா கட்டை வெரல்ல கொப்புளம். மாப் புடிச்சு வராத கொப்புளம் அதுல வந்துச்சு.

சிரிக்கிறீங்களா? சிரிங்க.

வந்துருச்சு ஒரு நாள். அவ குதிச்சு வர்றா, நான் புடிச்சிருந்து விட்டேன் ஒண்ணு. சுருண்டு விழுந்தா. நான் கண்ட்ரோலர கீழ போட்டுட்டு கத்திட்டேன். அவ பொறந்ததுலேருந்து ஒரு நாள் கைநீட்டுனதில்ல நான், தெரியும்ல உங்களுக்கு? அங்க அடிச்சேன். அடிச்சாத்தான் அவ கூட இருக்க முடியும். அவளுக்கும் சந்தோஷம். விழுந்து எழுந்து ரெண்டு குதி குதிச்சா, கை தட்டுற மாதிரி. அப்புறம் அதையே நாங்க பேச்சா ஆக்கிக்கிட்டோம். நான் ரெண்டு வாட்டி குந்தி எழுந்தா சாப்டியாம்மான்னு அர்த்தம். அவ ஒரு குதி குதிச்சா சாப்டேன். பின்னால நடந்தா இல்ல. வேறென்ன வேணும்? அதுக்கப்புறம் அடிச்சுக்குவோம். ஆட்டம் நீளமா போவும், சில நாளு மணி அடிச்சு நேரம் முடியிற வரைக்கும்.

ஒரு நாள் அவ வந்தா. நான் குந்துனேன். அவ ஒரு குதி. சரி சாப்டாச்சு, ஆட்டம் ஆரம்பிக்குதுன்னு நான் பின்னால அழுத்திப் புடிச்சுக்கிட்டேன். அவ வரல. அடிக்கல. பக்கத்துல வந்து நின்னா, அவ்வளவுதான். நான் லேசா ஒரு குத்து விட்டு பாத்தேன். தடுக்கறா, திருப்பி அடிக்க மாட்டேங்குறா. நானும் விட்டுட்டேன். மூக்கனும் அந்தப் பொண்ணும் எதிரெதிர நிக்கறாங்க, நேரம் ஓடிக்கிட்டே இருக்கு. அடுத்த ரவுண்டும் அப்படித்தான். அதுக்கடுத்ததும். சண்டை போட மனசில்லாம சும்மா அம்மாகூட நிக்கறா போலன்னு நெனச்சு நான் அழுதேன். நல்லாத்தான் இருந்துச்சு அந்த அழுகை.

மறுநாளு அதே பேரு வந்துச்சு, அதே பொண்ணு. நான் குந்துனேன். பதிலே இல்ல, வந்ததும் வராததுமா பாஞ்சு ஒதைக்குது. தடுக்கத் தெரியல, பின்வாங்கத் தெரியல, எல்லா பட்டனையும் சேத்து வெச்சு அமுக்குது. அரை நிமிஷத்துல தெரிஞ்சு போச்சு எனக்கு. கதவ தட்டுற சத்தத்துலயே பெத்தவளுக்கு தெரியும் வந்திருக்கறது தன் புள்ளையா இல்லையான்னு. அது அவ கை இல்ல. நீங்க.

நீங்கதான் லா. இல்லன்னு தலைய ஆட்டாதீங்க. ஷர்மினியா இருந்து என்னைய ஏமாத்திப் பாக்கலாம், நான் என்ன சொல்றேன்னு புடிக்கலாம்னு ஒக்காந்தீங்க. பதினோரு வருஷம் உங்க கோவத்த பாத்தவளுக்கு இது தெரியாதா? ஒவ்வொரு வாட்டி தோத்ததும் திரும்ப வா, திரும்ப வான்னு கூப்புடுறது. ஒரு பொம்பளகிட்ட தோத்துட்டோம்னு படுத்தா தூக்கம் வராது உங்களுக்கு. நான் அவசரப்படல. அழுத்திப் புடிச்சேன், நீங்களே ஓடி வந்தீங்க, குத்துனேன். மறுபடி வந்தீங்க, குத்துனேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், நீங்க என்னத்த சொன்னீங்க, கண்ட்ரோலர் சரியில்லன்னா? அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்குனேன் நான். அப்படி தூங்கி வருஷக்கணக்காச்சு.

அதுக்கப்புறம் அந்தப் பேரு வரல. தினம் சாயங்காலம் பாத்தேன், வரல. மெஷினையே தூக்கி வித்துட்டீங்க, பழைய சாமான் கடையில.

எனக்கு எப்படி தெரியுமா? அவதான் சொன்னா.

ஆமா. நேத்து. ஸ்கூலுக்குப் போறேன்னு கெளம்பி, தனியா பஸ் புடிச்சு ஈப்போவுக்கு வந்துட்டா. நான் இங்க துணி காயப்போட்டுக்கிட்டு நிக்கறேன், கேட்டுக்கு வெளிய யூனிபார்மோட நிக்கறா. மூணு வருஷத்துல என்னைய விட ஒசரமாயிட்டா. இருந்த ஒரு வழியையும் நீங்க அடைச்சா அவ வேறென்ன செய்வா? கால் இருக்குல்ல, வந்துட்டா.

கத்தாதீங்க. உள்ள இல்ல அவ. எட்டி எட்டிப் பாத்தாலும் இல்ல. செருப்பு கூட இல்ல பாருங்க. காலையிலயே கனகராஜ் கூட்டிக்கிட்டு போயிட்டான். நானும் போயிருப்பேன், நான் வேலை செய்யற எடந்தானே. ஆனா நீ மொதல்ல இங்கதான் வருவன்னு தெரியும். வீடு பூட்டியிருந்தா நேரா அங்கதான் போவ. யாராவது ஒருத்தர் இங்க இருந்து உங்கிட்ட பேசிக்கிட்டே இருக்கணும்ல.

எந்த எடமா? ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுக்க.

எதுக்குன்னு தெரியாதா உனக்கு? அவ வலது கையில ரெண்டு வெரலு வீங்கி கருத்துப் போயி கெடக்கு. நீ எண்ணெய தடவி துணிய சுத்தி விட்டிருக்க. நேத்து ராத்திரிதான் அத அவுத்துக் காட்டுனா. டீச்சர் கேட்டா கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லச் சொல்லியிருக்க. யாருடி அந்த புட்டுன்னு கேட்டு, அவ சொல்லமாட்டேன்னதுக்கு வெரல வளச்சிருக்க. அந்த கையோடதான் அவ மறுநாள் வந்து என் முன்னால நின்னிருக்கா. இடது கை ஒண்ணு போதும், நடக்கலாம், குந்தலாம், குதிக்கலாம், தடுக்கலாம். அடிக்க மட்டும் முடியாது. நான் முட்டாளு, சும்மா அம்மாகூட நிக்கறான்னு நெனச்சு அழுதுக்கிட்டு இருந்தேன்.

இந்தா, கனகராஜ் மெசேஜ் போட்டுட்டான். எக்ஸ்ரே முடிஞ்சிருச்சாம். டாக்டர் யாரு செஞ்சதுன்னு கேட்டாராம், அவளே வாய தெறந்து சொல்லிட்டாளாம். ஆஸ்பத்திரியிலயே போலீஸ் இருக்கும், கூப்புட்டு எழுதிக்கிட்டாங்களாம்.

காடிகிட்ட ஓடாத. போலீசுக்கு உன் காடி நம்பர் குடுத்தாச்சு. நீ வந்து கிரில்ல கை வெச்சப்பவே கனகராஜுக்கு மெசேஜ் போட்டு சொல்லிட்டேன், எங்க வீட்டு வாசல்லதான் நிக்கறன்னு.