ஃப்ரிட்ஜ் கதவில், என் கண் உயரத்தில்

என் பெயர், தகப்பனார் பெயர், நிரந்தர முகவரி ஆகியவை என் கணவர் கொடுத்துள்ள புகார் மனுவின் முதல் பக்கத்தில் உள்ளபடி சரி. வயது முப்பத்தாறு. தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று இருந்ததை அடித்துவிட்டு வரவேற்பாளர் என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன், எழுதப்பட்டது. தற்போது நானும் மகளும் தங்கியிருக்கும் முகவரியைத் தனித் தாளில் எழுதி ஆய்வாளர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நகல் என் கணவர் கைக்குப் போகும் என்பதால் இதில் அதைக் குறிக்க வேண்டாம்.

சென்ற வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு என் ஒன்பது வயது மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துச் சென்றதாக மனுவில் சொல்லப்பட்டிருக்கும் அடையாளம் தெரியாத பெண் நான்தான். பள்ளிப் பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்துதான். அதே நேரத்தில் நான் வீட்டுச் சமையலறையில் இருந்ததாக என் கணவர் காட்டும் செல்போன் பதிவு எப்படி வந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவர் அலுவலகங்களில் வருகைப்பதிவு இயந்திரம் மாட்டிக்கொடுக்கும் வேலை செய்கிறார். யார் எத்தனை மணிக்கு வந்தார் என்பதை ஆளைக் கேட்கக் கூடாது, மெஷினைக் கேட்க வேண்டும் என்பது அவர் அடிக்கடி சொல்வது. நான் எங்கள் தெருக்கோடியில் உள்ள பல் மருத்துவமனையில் ஏழு வருடம் வரவேற்பாளராக இருந்தேன். சென்ற ஆண்டு ஒருநாள் காலையில் சாப்பிடாமல் வேலைக்குக் கிளம்பியதில் சமையலறையில் மயங்கி விழுந்தேன். விழுந்தது ஒரே ஒருமுறை. அதன் பிறகு என் கணவர் என்னை வேலைக்குப் போக வேண்டாம் என்றார், நானும் உடம்பு தேறும்வரை என்று நினைத்து நின்றுவிட்டேன்.

இந்த வருடம் என் பிறந்தநாளன்று அவர் ஒரு டிஜிட்டல் ஃபோட்டோ ஃப்ரேம் வாங்கிவந்தார். குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் அவரவர் செல்போனிலிருந்து படம் அனுப்பலாம், அது தானாக மாறி மாறிக் காட்டும் என்றார். மகள் ஹாலில் மாட்டச் சொன்னாள். அவர் சமையலறை ஃப்ரிட்ஜ் கதவில்தான் என்றார். என்னை ஃப்ரிட்ஜுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, என் கண் உயரத்துக்குக் கதவில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கதவைத் துணியால் துடைத்து, காந்தத்தை வைத்து, அது போதாதென்று இருபக்கமும் ஒட்டும் டேப்பும் ஒட்டி, வயரைக் கதவின் மேல் கீல் வழியாகப் பின்னால் கொண்டுபோய்த் தனிப் பிளக்கில் செருகினார். மட்டம் பார்த்து மாட்டினார், ஒரு நூல்கூடச் சாயவில்லை. வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மகள் கைதட்டினாள். எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஃப்ரேமின் கீழ்ச்சட்டத்தில் பயறு அளவுக்கு ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. எதிரில் ஆள் நின்றால் படம் எரியும், போய்விட்டால் அணைந்துவிடும், கரண்ட் மிச்சம் என்று சொன்னார். ஒவ்வொரு முறை எரியும்போதும் அவர் செல்போனுக்குத் தகவல் போகும் என்பதைச் சொல்லவில்லை. அது என் நாத்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் ஒருநாள் ஃபோனில், "என்ன அண்ணி, மூணு மணிக்கு ஃப்ரிட்ஜ்கிட்ட ஒரே நடமாட்டமாம்? எனக்கும் கொஞ்சம் எடுத்து வைங்க!" என்று சிரித்தாள். அன்று மாலை அவரைக் கேட்டேன். "நீ பாட்டுக்கு மயங்கி விழுந்து கிடந்தா எனக்கு எப்படித் தெரியும்? உன் நல்லதுக்குத்தாம்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் இதுவரை என்மேல் கை வைத்ததோ கத்தியதோ கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அரைமணிக்கு ஒருமுறை ஃப்ரேம் எரிய வேண்டும் என்று ஏற்பாடானது. எரியவில்லை என்றால் ஃபோன் வரும். துணி காயப்போட மாடிக்குப் போனால் ஓடிவருவேன். குளிக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய்ப்பதை விட்டேன். என் அம்மாவிடம் சொன்னபோது, "உன்மேல உசுரையே வச்சிருக்காருடி. ஊர்ல எந்தப் புருஷன் இவ்வளவு பார்க்கிறான்?" என்றார். நான் அதற்குமேல் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? அடித்தால் காயத்தைக் காட்டலாம். அக்கறையை எங்கே காட்டுவது?

இப்படி ஐந்து மாதம் இருந்தேன். அதன் பிறகு பல் டாக்டரம்மா வழியில் பார்த்து, காலையில் ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரைக்குமாவது வா, உன் இடத்தில் வந்த மூன்று பேரும் நோயாளியின் பெயரையே தப்பாக எழுதுகிறார்கள் என்று சொன்னார். வரமுடியாது என்று சொல்லிவிட்டு வந்து, காய் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்து அப்படியே யோசித்துக்கொண்டு நின்றேன். எங்கள் சமையலறை ஜன்னல் பொது வராந்தாவைப் பார்த்து இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவை முழுக்கத் திறந்தால் ஃப்ரேம் அந்த ஜன்னலைப் பார்க்கும். நான் கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தபோது வராந்தாவில் தண்ணீர் கேன்காரர் போனார், ஃப்ரேம் எரியும் வெளிச்சம் ஜன்னல் கம்பியில் விழுந்தது. அடுத்து லிஃப்டுக்குப் போகிறவருக்கும் எரிகிறதா என்று அங்கேயே நின்று பார்த்தேன், எரிந்தது.

மறுநாள் முதல் ஃப்ரிட்ஜில் இருப்பதை எதிர்வீட்டு நர்ஸ் அக்காவிடம், எங்கள் ஃப்ரிட்ஜ் மக்கர் செய்கிறது என்று சொல்லிக் கொடுத்து வைத்தேன். ஃப்ரிட்ஜை அணைத்து, கதவை விரியத் திறந்து ஸ்டூலை முட்டுக்கொடுத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, செல்போன் எங்கே போகிறது என்பதையும் அவர் பார்க்க முடியும் என்பதால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். லிஃப்டுக்குப் போகிறவர்கள், வாட்ச்மேன், கேன்காரர், மேல்வீட்டுக்கு வரும் டியூஷன் டீச்சர், இத்தனை பேரும் சேர்ந்து நானாக இருந்தார்கள். இருபத்தேழு நாள் ஒரு ஃபோன்கூட வரவில்லை. "இப்பல்லாம் நல்லா சுறுசுறுப்பா இருக்க" என்று ஒருநாள் பாராட்டினார்.

இருபத்தெட்டாவது நாள் வராந்தாவுக்குப் பெயின்ட் அடிக்க நான்கு பேர் வந்தது எனக்குத் தெரியாது. நான் கிளம்பிய பிறகு வந்திருக்கிறார்கள். அவர்கள் எங்கள் ஜன்னலுக்கு எதிரில் சாரம் கட்டி வேலை பார்த்ததில் ஒரே காலையில் நான் நூற்றுப் பதினேழு தடவை ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றதாகப் பதிவாகிவிட்டது. என் கணவர் பயந்துபோய் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். நான் பன்னிரண்டே காலுக்கு வீட்டுக்கு வந்தபோது அவர் ஃப்ரிட்ஜிலிருந்து வடிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். அவர் துணியைப் பிழிந்துவிட்டு, "புத்தி சரியா இருக்கிறவங்க ஃப்ரிட்ஜை அணைச்சுக் கதவைத் திறந்து போட்டுட்டுப் போவாங்களா? நீ சரியில்லம்மா. டாக்டர்கிட்ட காட்டணும்" என்றார். மாலை நாத்தனார் வந்து என் தலையைத் தடவி அழுதாள். அவள் அழுகை நடிப்பில்லை, அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

அதன் பிறகு சமையலறை ஜன்னலை ஸ்க்ரூ போட்டு மூடினார். வாசல் கிரில் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போட்டார். என் செல்போனை வாங்கிக்கொண்டு, உள்ளே வரும் அழைப்பு மட்டும் வரும்படி ஒரு வீட்டு ஃபோனை அலமாரியில் வைத்தார். அரைமணியைப் பதினைந்து நிமிடமாகக் குறைத்தார். மகளைக் காலையில் அவரே பள்ளியில் விடுவார், மாலையில் நாத்தனார் அழைத்துவருவாள். டாக்டரிடம் நேரம் கேட்டிருப்பதாகவும், அவர் எழுதிக்கொடுத்தால் மகளைக் கொஞ்ச நாள் நாத்தனார் வீட்டில் விடுவது நல்லது என்றும் சொன்னார். நான் வீட்டை விட்டு வந்ததற்குக் காரணம் அந்தச் சொல்தான்.

ஏன் கத்தி அக்கம்பக்கத்தைக் கூப்பிடவில்லை என்று ஆய்வாளர் அம்மா கேட்டதற்குச் சொல்கிறேன். கத்தினால் புத்தி சரியில்லை என்று அவர் சொன்னதற்கு நானே சாட்சி சொன்னதாக ஆகிவிடும். அழுதாலும் அப்படித்தான். அதனால் ஒன்பது நாள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் நின்றேன். ஃப்ரேமில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருக்கின்றன. அதில் நான் இருப்பது ஆறில். அந்த ஆறில் நான்கில் கையில் தட்டு வைத்திருக்கிறேன்.

பூட்டுப் போட்ட அன்றே அவர் அதன் மாற்றுச் சாவியை என் கண்ணெதிரில் நர்ஸ் அக்காவிடம் கொடுத்து, தான் ஃபோன் செய்தால் திறந்து பார்க்கும்படி சொன்னார். நர்ஸ் அக்கா இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவர், அதிகம் பேசமாட்டார். சாவியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

சென்ற வியாழக்கிழமை அவரும் மகளும் கிளம்பிய பிறகு, மகள் அன்று எடுத்துப்போகாத பாடப்புத்தகங்கள், அவளுடைய மாற்று மூக்குக்கண்ணாடி, இருவருக்கும் இரண்டு செட் உடுப்பு ஆகியவற்றைப் பையில் வைத்தேன். நகை எதையும் எடுக்கவில்லை. ஃப்ரேமுக்குக் கீழே யார் போனாலும் அது எரியாது, மகள் உயரத்துக்கே எரியாது. அதனால் ஒன்பது ஐம்பதுக்கு ஃப்ரிட்ஜ் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். பத்து ஐந்துக்கு ஃபோன் அடிக்கத் தொடங்கியது. நின்று நின்று அடித்தது. எழுந்துபோய் எடுத்துவிடலாம் என்று என் கை தானாகவே போனது, அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான வேலை அந்த இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்ததுதான்.

பத்து இருபத்தைந்துக்கு நர்ஸ் அக்கா பூட்டைத் திறந்து உள்ளே வந்தார். கீழே குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "நாடி நல்லாத்தானே இருக்கு" என்றார். "நல்லாத்தான் இருக்கேன்கா" என்றேன். அவர் நிமிர்ந்து நின்றதும் அவர் முகத்துக்கு நேரே ஃப்ரேம் எரிந்தது, அலமாரியில் அடித்துக்கொண்டிருந்த ஃபோன் பாதி மணியில் நின்றது. நாங்கள் இருவரும் அந்த ஃபோனையே பார்த்தோம். அதன் பிறகு நர்ஸ் அக்காவின் செல்போன் அடித்தது. அவர் என் பையைப் பார்த்துக்கொண்டே, "நல்லா இருக்காங்க தம்பி. சும்மா உட்கார்ந்திருந்தாங்களாம். ஆமா, இப்ப எழுந்து நிக்கிறாங்க" என்று சொல்லி வைத்தார்.

நான் அவரிடம், "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் இங்கயே நில்லுங்க. நான் தெருவைத் தாண்டிடறேன்" என்றேன். "குழந்தை?" என்று கேட்டார். "ஸ்கூல்ல இருக்கா. பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை இது எரியணும்கா, இல்லேன்னா ஃபோன் வரும்" என்றேன். "போ" என்றார். அதன் பிறகு நான் நடந்து பள்ளிக்குப் போய், விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மகளை அழைத்துக்கொண்டு பதினொன்றரை மணி பஸ்ஸில் ஏறினேன். என்னை யாரும் மயக்கியோ மிரட்டியோ அழைத்துப் போகவில்லை.

பத்து இருபத்தைந்து முதல் பன்னிரண்டு ஐம்பத்தைந்து வரை சரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, மொத்தம் பதினோரு முறை, நான் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றதாகக் காட்டும் பதிவு எனக்குக் காண்பிக்கப்பட்டது. அதில் ஒன்றுகூட நான் இல்லை. இதை என் கணவரிடம் சொன்னாலும் நம்பமாட்டார் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக் கையெழுத்தே போலி என்கிறார். அவருக்கு நான் இன்னும் அந்தச் சமையலறையில்தான் இருக்கிறேன்.

நர்ஸ் அக்கா அன்று காலை எட்டரைக்குத்தான் இரவுப் பணி முடித்து வந்தவர். ஸ்டூலில் உட்கார்ந்து, தூங்கிவிடாமல் இருக்க முகத்தைக் கழுவிக் கழுவி, கால்மணிக்கு ஒருமுறை எழுந்து நின்றதாகவும், கடைசியில் முடியாமல் தரையில் படுத்துத் தூங்கிவிட்டதாகவும், ஒன்றரை மணிக்கு என் கணவர் வந்துதான் எழுப்பினார் என்றும் அவர் கொடுத்துள்ள வாக்குமூலம் எனக்கு இப்போதுதான் படித்துக் காட்டப்பட்டது. அதுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டது ஐந்து நிமிடம். அவர்மேல் வழக்கு எதுவும் போட வேண்டாம். கேள்வி இருந்தால் என்னைக் கேளுங்கள்.

நான் தெளிந்த புத்தியோடு இருக்கிறேன். கணவர் வீட்டுக்குத் திரும்பிப் போக எனக்கு விருப்பம் இல்லை. மகள் என்னுடன் இருக்கிறாள். இதில் உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. உட்கார்ந்து நிதானமாக ஒன்றரை மணி நேரம் சொன்னேன், இடையில் ஒருமுறைகூட எழுந்து போகவில்லை.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
பெண் காவல் ஆய்வாளர்